'ஸ்டூடன்ட்' என்று கையெழுத்திட்டவர்: வேலையையும் எழுத்தையும் பிரித்து வைத்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

1908 மார்ச்சில் 'பயோமெட்ரிக்கா' என்ற புள்ளியியல் இதழில் 'ஒரு சராசரியின் நிகழக்கூடிய பிழை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்டூடன்ட்', அதாவது மாணவர், என்று மட்டும் இருந்தது. மருத்துவ ஆய்விலிருந்து பயிர் ஆய்வு வரை இன்று எல்லா இடத்திலும் பயன்படும் டி-சோதனையின் (கொஞ்ச அளவுகளை வைத்தே சராசரிகளைப் பற்றி முடிவெடுக்கும் முறையின்) வேர் அந்தக் கட்டுரைதான். எழுதியவர் டப்ளினில் உள்ள கின்னஸ் பீர் ஆலையில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வேதியியல் பட்டதாரி, வில்லியம் சீலி கோசெட். அப்போது அவருக்கு வயது 31.

வேலை பார்க்கும் துறையைப் பற்றியே வேலைக்கு வெளியே சொந்தமாக எழுதுகிற யாருக்கும் கோசெட்டின் கதை நெருக்கமானது. எழுத வேண்டும் என்ற ஆசையே அலுவலகத்தில் நம்மைப் பாடாய்ப் படுத்திய ஏதோ ஒன்றிலிருந்துதான் பிறக்கிறது. அந்த ஒன்றோ முதலாளியுடையது. அதைத் தொடாமல் எழுதினால் எழுத்தில் உயிர் இருக்காது. தொட்டால் வேலைக்கு ஆபத்து. நானும் இப்படி எழுதுகிறவன் என்பதால் இந்த இழுபறி எனக்குத் தெரியும். கோசெட் இதே இடத்தில் முப்பது ஆண்டுகள் நின்றார். வேலையும் போகவில்லை, எழுத்தும் நிற்கவில்லை. எப்படி என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

பின்னணி

கோசெட் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தவர். 1899-இல் கின்னஸில் சேர்ந்தார். அறிவியலில் முதல் வகுப்பில் தேறிய பட்டதாரிகளை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தும் கேம்பிரிட்ஜிலிருந்தும் அந்த ஆலை தேடித் தேடி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பார்லி, ஹாப்ஸ், மால்ட், ஈஸ்ட் எல்லாவற்றையும் அளந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் அளவுகள் கொஞ்சமாகத்தான் கிடைத்தன. ஒரு பார்லி ரகத்தை நான்கு வயல்களில் விதைத்துப் பார்க்கலாம், நானூறு வயல்களில் முடியாது. அன்றைய பிழைக் கணக்கு முறைகள் நிறைய அளவுகள் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நான்கே அளவுகளை வைத்து ஒரு முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அவற்றில் சரியான பதில் இல்லை.

எவ்வளவு தவறு வரும் என்பதற்கு ஒரு கணக்கு. நூற்றுக்கு 95 முறை உண்மைச் சராசரி உள்ளே இருக்கும்படி ஒரு எல்லை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அளவுகள் ஏராளமாக இருந்தால் சராசரியின் திட்டப் பிழையை, அதாவது அந்தச் சராசரி எவ்வளவு முன்பின்னாக இருக்கக்கூடும் என்பதன் அளவை, போல 1.96 மடங்கு இரு பக்கமும் விட்டால் போதும். நான்கே அளவுகள் என்றால் 3.18 மடங்கு விட வேண்டும். பழைய முறையிலேயே போனால் இல்லாத நம்பிக்கையோடு பார்லி வாங்கிக்கொண்டிருப்போம்.

1904 நவம்பரில் கோசெட் ஆலை நிர்வாகத்துக்கு ஓர் உள் அறிக்கை எழுதினார். அளவுகளில் பிழைகள் எப்படிப் பரவும் என்று சொல்லும் 'பிழை விதி'யை ஆலை வேலைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் பொருள். இதற்குத் தேர்ந்த கணிதவியலாளர் ஒருவரின் ஆலோசனை வேண்டும் என்பது அதில் வைத்த யோசனை. மறு ஆண்டு கோடையில் அன்றைய புள்ளியியலின் பெரிய தலையான கார்ல் பியர்சனைப் போய்ப் பார்த்தார். 1906-இல் ஆலையே அவரை லண்டனுக்கு, பியர்சனின் ஆய்வகத்தில் படிக்க அனுப்பிவைத்தது.

அங்கேதான் சிக்கல் வந்தது. அவர் கண்டுபிடித்தது எல்லோருக்கும் பயன்படும் விஷயம், வெளியிட வேண்டும். ஆலையோ தன் ஊழியர்கள் தொழில் சம்பந்தமாக வெளியே எழுதுவதை விரும்பவில்லை. முன்பு ஓர் ஊழியரின் எழுத்து வழியாகத் தொழில் ரகசியம் வெளியே போனதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். ஆலைக்குள் புள்ளியியல் பயன்படுவதே போட்டியாளர்களுக்குத் தெரிய வேண்டாம் என்ற எண்ணமும் இருந்தது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது: எழுதலாம், ஆனால் ஊழியரின் பெயரும் ஆலையின் பெயரும் வரக் கூடாது, பீர் பற்றிய பேச்சும் கூடாது. அப்படித்தான் 'ஸ்டூடன்ட்' பிறந்தார். பின்னாளில் அதே ஆலையிலிருந்து எழுதிய வேறு இருவரும் 'சோஃபிஸ்டர்', 'மதேட்டீஸ்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்கள்.

பெயர் என்ற சுவர்

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் புனைபெயரில்தான் நிற்கிறார்கள். என் கணக்கில் அது இந்த ஏற்பாட்டில் மிகச் சின்னப் பகுதி. 'ஸ்டூடன்ட்' யார் என்று பியர்சனுக்குத் தெரியும். பின்னாளில் இன்னொரு பெரிய புள்ளியியலாளரான ரொனால்ட் ஃபிஷருக்கும் தெரியும். அவர்களோடு கோசெட் தன் சொந்தப் பெயரிலேயே வருடக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் விட முக்கியம், முதலாளிக்கே தெரியும். இந்தப் புனைபெயர் யாரிடமிருந்தும் ஒளிந்துகொள்ள வைத்தது அல்ல. 'இங்கே பேசுவது ஆலை அல்ல' என்று வாசகருக்குச் சொல்ல வைத்தது. முதலாளிக்குத் தெரிந்து வைத்துக்கொண்ட புனைபெயருக்கும், முதலாளிக்குத் தெரியாமல் வைத்துக்கொண்ட புனைபெயருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

இரண்டாவது வகைக்கு ஒரு நிகழ்வைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் லங்காஷயர் காவல் துறையில் துப்பறியும் காவலராக இருந்த ரிச்சர்ட் ஹார்டன், 2008 முதல் 'நைட்ஜாக்' என்ற பெயரில் தன் வேலை அனுபவங்களை இணையத்தில் எழுதினார். நல்ல எழுத்து. 2009 ஏப்ரலில் ஆர்வெல் விருதும் கிடைத்தது. அடுத்த சில வாரங்களில் 'தி டைம்ஸ்' நாளிதழ் அவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டது. பெயரை வெளியிடத் தடை கேட்டு அவர் நீதிமன்றம் போனார். 2009 ஜூனில் நீதிபதி ஈடி மறுத்துவிட்டார். இணையத்தில் எழுதுவது அடிப்படையில் பொதுவெளிச் செயல், அதில் எழுதுகிறவர் அடையாளம் மறைந்தே இருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை என்பது தீர்ப்பின் சாரம். பெயர் வெளிவந்தது. துறை எழுத்துப்பூர்வமாக எச்சரித்தது. எழுதியவை எல்லாம் அழிக்கப்பட்டன.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அநியாயம். பொதுவில் கிடைத்த தகவல்களை வைத்தே கண்டுபிடித்தோம் என்று நாளிதழ் தரப்பு நீதிமன்றத்தில் காட்டிக்கொண்டது. 2012-இல்தான் உண்மை வெளியே வந்தது: செய்தியாளர் அவருடைய மின்னஞ்சல் கணக்குக்குள் அனுமதியின்றி நுழைந்திருந்தார். அந்த ஆண்டு நாளிதழ் அவருக்கு 42,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. தவறு செய்தவர்கள் அவர்கள்தான். ஆனாலும் போன எழுத்து போனதுதான். அவருக்கு இருந்த ஒரே பெரிய காவல் பெயர் மறைப்பு. அதற்குப் பின்னால் வேறு எதுவும் இல்லை. அவர் எழுதிய சம்பவங்கள் சிலவற்றை உண்மையான வழக்குகளோடு பொருத்திப் பார்க்க முடிந்தது என்றும் அந்த நாளிதழ் எழுதியது. அடையாளம் தெரிந்த அந்த நிமிடமே அதுவரை நல்ல எழுத்தாக இருந்தது ஒழுங்கு மீறலாக மாறிவிட்டது.

'ஸ்டூடன்ட்' விஷயத்தில் அப்படி ஒரு நிமிடம் வந்திருக்க முடியுமா? 1908-லேயே யாராவது கோசெட்டின் பெயரை அச்சடித்திருந்தால் ஆலைக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்திருக்கும். கட்டுரையில் ஒரு வரியைக்கூட நீக்கச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. அதற்குக் காரணம் பெயர் அல்ல, கட்டுரைக்குள் அவர் வைத்த பொருள்.

பொருள் என்ற சுவர்

கட்டுரையின் தொடக்கத்தையே பாருங்கள். பல முறை திரும்பச் செய்ய முடியாத சோதனைகள் உண்டு, அங்கே சின்ன மாதிரியை, அதாவது கொஞ்ச அளவுகளை, வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்கிறார். பிறகு யார் யாருக்கு இந்த நிலை என்று சொல்கிறார்: வேதியியல் சோதனைகள் சில, உயிரியல் சோதனைகள் பல, வேளாண் சோதனைகளும் பெரிய அளவில் நடக்கும் சோதனைகளும் பெரும்பாலும். அந்தக் கடைசிச் சொற்களுக்குள்தான் பீர் ஆலை இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, எதையும் திரிக்கவுமில்லை. தன் ஆலை எந்த வகையைச் சேர்ந்ததோ அந்த வகை முழுவதையும் பற்றிப் பேசினார். அப்படிப் பேசும்போது எழுத்து நீர்த்துப்போகவில்லை, பெரிதானது. கட்டுரையைப் படிக்கிற மருத்துவரோ விவசாய ஆய்வாளரோ 'இது என் பிரச்சினை' என்று உணர முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்து, தரவு. தன் முடிவைச் சரிபார்க்க அவருக்கு நிறைய எண்கள் வேண்டும். ஆலையின் பதிவேடுகளை அவர் தொடவில்லை. முன்பே அதே இதழில் வெளிவந்திருந்த 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் எடுத்தார். 3,000 அட்டைத் துண்டுகளில் அவற்றை எழுதி, நன்றாகக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் செய்தார். கணினி இல்லாத காலத்தில் கையால் செய்த உருவகப்படுத்தல் அது. முறையைப் பயன்படுத்திக் காட்டும் முதல் எடுத்துக்காட்டுக்கும் வெளியேதான் போனார். 10 நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகள் எத்தனை மணி நேரம் கூடுதல் தூக்கம் தந்தன என்று கஷ்னி, பீபிள்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்டிருந்த அட்டவணையை எடுத்துக்கொண்டார்.

இதைத்தான் நான் இந்த ஆய்வின் நடுப்புள்ளியாக நினைக்கிறேன். பிரச்சினை வேலையில் கிடைத்தது. கேள்வியைப் பொதுவாக்கினார். விடையை வெளியே கிடைத்த தரவில் நிறுவினார். ஆலையின் ரகசியம் ஆலையிலேயே இருந்தது, முறை மட்டும் உலகத்துக்குப் போனது. 1904-இன் உள் அறிக்கையும் 1908-இன் கட்டுரையும் ஒரே மனிதரின், ஒரே கவலையின் இரண்டு வடிவங்கள். ஒன்று ஆலைக்குச் சொந்தம். இன்னொன்று எல்லோருக்கும்.

இந்த வேறுபாட்டை நீதிமன்றங்களும் பிற்காலத்தில் ஏறத்தாழ இதே இடத்தில் வரைந்தன. இங்கிலாந்தில் 1952 சட்ட அறிக்கைகளில் உள்ள ஸ்டீவன்சன் ஜோர்டன் வழக்கில், ஒரு நிர்வாக ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தவர் தன் துறை பற்றி ஒரு நூல் எழுதினார். நிறுவனம் அதன் பதிப்புரிமை தன்னுடையது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் நூலை ஒரே பொருளாகப் பார்க்காமல் பகுதி பகுதியாகப் பிரித்தது. அவர் பொது மேடைகளில் நிகழ்த்திய உரைகளிலிருந்து வந்த பகுதி அவருடையது. நிறுவனத்தின் வாடிக்கையாளருக்காக வேலையின் அங்கமாக எழுதிய அறிக்கையிலிருந்து வந்த பகுதி நிறுவனத்துடையது. ஒரே கை, ஒரே நூல், இரண்டு உரிமையாளர்கள். வேலையின் அங்கமாக எழுதியது வேலை கொடுத்தவருக்கே சேரும் என்ற அடிப்படை இன்று பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதனால் அலுவலகத்துக்காகத் தயாரித்த குறிப்பைக் கொஞ்சம் மாற்றி நம் பெயரில் போடுவது, அதில் ரகசியம் ஒன்றும் இல்லாவிட்டாலும், வேறொருவருடைய பொருளை எடுப்பதுதான்.

ரகசியம் பற்றி இன்னொரு வழக்கும் உண்டு. ஃபசெண்டா சிக்கன் வழக்கு, 1986. அதில் நீதிமன்றம் சொன்னதில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது: வேலையில் இருக்கும்போது ஊழியருக்கு உள்ள விசுவாசக் கடமை, வேலையை விட்ட பிறகு உள்ளதை விடக் கடுமையானது. விலகிய பின் தொழில் ரகசியம் போன்றவற்றைத்தான் காக்க வேண்டும், கற்றுக்கொண்ட திறமை அவரோடு போகும். சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் வரை கோடு இன்னும் இறுக்கமாக இருக்கிறது.

'இவை என் சொந்தக் கருத்துகள், என் நிறுவனத்தின் கருத்துகள் அல்ல' என்று அடியில் ஒரு வரி போடுகிறோமே, அது இந்த இரண்டு விஷயத்திலும் ஒன்றும் செய்யாது. நிறுவனத்தின் சார்பில் பேசுகிறார் என்று வாசகர் தவறாக நினைக்காமல் இருக்க அது உதவும். போட வேண்டிய வரிதான், நானும் போடுகிறேன். ஆனால் ரகசியத்தை ரகசியம் இல்லாததாகவோ, நிறுவனத்தின் எழுத்தை நம் எழுத்தாகவோ அந்த வரி மாற்றாது. 'ஸ்டூடன்ட்' என்ற கையெழுத்தும் கிட்டத்தட்ட அந்த வரிதான்.

நேரமும் அனுமதியும்

இந்த நிகழ்வில் இன்று அப்படியே பின்பற்ற முடியாத ஒன்றும் இருக்கிறது. கோசெட் லண்டனில் இருந்தது ஆலை அனுப்பித்தான். அவர் தன் நேரத்தையும் ஆலையின் நேரத்தையும் பிரிக்கவில்லை, பிரிக்கவும் முடியாது. அந்தக் குறையை ஈடுகட்டியது அனுமதி. கட்டுரை அச்சுக்குப் போகும் முன்பே ஆலைக்கு எல்லாம் தெரியும். நிபந்தனைகள் பேசி முடிக்கப்பட்டிருந்தன.

நம்மில் பலருக்கு அவ்வளவு தெளிவான அனுமதி கிடைப்பதில்லை. அப்படியானால் நேரத்தையும் கருவியையும் பிரித்தே ஆக வேண்டும். அலுவலக மடிக்கணினி வேண்டாம், அலுவலக மின்னஞ்சல் வேண்டாம், அலுவலக நேரம் வேண்டாம். எழுத்து இருக்கும் இணைய முகவரியும் கணக்குகளும் நம் சொந்தப் பெயரிலும் நம் பணத்திலும் இருக்க வேண்டும், வேலை மாறினாலும் கூடவே வரும்படி. அப்புறம், பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். வெளி எழுத்து, அறிவுச் சொத்து பற்றிய பிரிவுகளைச் சேரும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பலர் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

கேட்கலாமா, கேட்காமல் எழுதலாமா என்று தயங்குகிறவர்களுக்கு என் கருத்து: கேளுங்கள், ஒரு முறை, எழுத்தில், சின்னதாக. 'என் துறை பற்றி என் சொந்த நேரத்தில் எழுதப் போகிறேன். நிறுவனம், வாடிக்கையாளர், உள் தகவல் எதுவும் வராது' என்ற அளவு போதும். கோசெட்டுக்கும் முதலில் கதவு மூடித்தான் இருந்தது. அவர் அதை உடைக்கவில்லை, சுற்றிக்கொண்டும் போகவில்லை. நிர்வாகம் எதைக் கண்டு பயப்படுகிறதோ அதை எழுத்திலிருந்து எடுத்துவிட்டார். எதையெல்லாம் எடுக்கத் தயார் என்று முன்பே தெரிந்தவரால்தான் அனுமதியைத் தெளிவாகக் கேட்க முடியும்.

கொடுத்த விலை

இந்த ஏற்பாடு இலவசமாக வரவில்லை. ஒன்று, வெளித் தரவை நம்பியதால் வந்த பிழை. தூக்க மருந்து அட்டவணையை எடுத்தபோது கோசெட் மருந்துகளின் பெயர்களைத் தவறாகக் குறித்துவிட்டார். ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட புகழ்பெற்ற புள்ளியியல் கையேட்டுக்கும் அந்தத் தவறு அப்படியே போனது. தன் சொந்த ஆலையின் பார்லி என்றால் எந்த ரகம் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பார். இன்னொருவர் தரவை எடுக்கும்போது அந்தப் பழக்கம் கூட வராது. வேலையிடத்தை விட்டு வெளியே எடுத்துக்காட்டு தேடுகிறவர்கள் இரண்டு மடங்கு சரிபார்க்க வேண்டும் என்பதை இதை விடத் தெளிவாகச் சொல்லும் சம்பவம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, முறை எப்படிப் பிறந்தது என்ற கதை பல காலம் கட்டுரைக்கு வெளியே நின்றது. சின்ன மாதிரிகளைப் பற்றி ஒருவர் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார் என்பது அன்றைய வாசகருக்குப் புரியவில்லை. பெரிய மாதிரிகளோடு வேலை செய்த பியர்சனுக்கே இதில் பெரிய அக்கறை இருக்கவில்லை. நான்கு வயல்களை வைத்துக்கொண்டு பார்லி வாங்க வேண்டிய ஒருவரின் நெருக்கடி அந்தப் பக்கங்களில் தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் கவனித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1912 வாக்கில் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த ஃபிஷர் அந்த முடிவுக்கு முறையான கணித நிறுவலைத் தந்த பிறகும், அது பரவலான புழக்கத்துக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

கோடு ஒரே இடத்தில் நிற்கவும் இல்லை. 1907-இல் வந்த முதல் கட்டுரையில் ஈஸ்ட் செல்களை 400 கட்டங்கள் கொண்ட கண்ணாடித் தகட்டில் எண்ணுவது பற்றி எழுதினார். ஈஸ்ட் எல்லா ஆய்வகத்திலும் உள்ளதுதான், ஆலையைக் காட்டிக்கொடுக்காது. 1923-இல் தானிய ரகங்களைச் சோதிப்பது பற்றிய கட்டுரையில் பார்லி முக்கிய இடத்துக்கே வந்துவிட்டது. அரசு வேளாண் துறையோடு சேர்ந்து நடந்த பொதுச் சோதனைகள் அதற்குள் இருந்தன. எல்லை தளர்ந்தபோது அவரும் கூடுதலாகப் பேசினார். ஒரு முறை போட்ட எல்லையை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதும் இந்த ஒழுங்கின் பகுதி.

1935-இல் லண்டன் பார்க் ராயலில் கின்னஸ் கட்டிய புதிய ஆலையின் பொறுப்பை கோசெட் ஏற்றார். 1937 அக்டோபரில் இறக்கும்போதும் அவர் கின்னஸின் ஊழியர்தான். அவருடைய கட்டுரைகள் 1942-இல் ஒரே தொகுப்பாக வந்தன. அப்போது மறைக்க எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் அட்டையில் 'ஸ்டூடன்ட்' என்றே அச்சடித்தார்கள்.